இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டவன்

அத்தியாயம் 6

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒச்சாண்டிக்கு நேர்மாறு. பேச்சு பெருகும். போன வருடம் தேவதானப்பட்டியில் ஒரு நாய் அவனைத் துரத்தியது. ஓடிக்கொண்டே அவன் பேசிய பேச்சில் நாய்தான் முதலில் களைத்து உட்கார்ந்தது. இது கட்டுக்கதை இல்லை. அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறது, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஜன்னலே இல்லாமல் நின்ற அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததிலிருந்து அவன் வாய் மூடவில்லை.

"ஏக்கா, ஜன்னல் வைக்காம வீடு கட்டுனவன் நல்லவனா இருப்பானாக்கா?"

"வீடு இல்லடா ஒச்சு. திராட்சை வைக்கக் கட்டுன கோல்ட் ஸ்டோரேஜ். இப்ப ஆராய்ச்சிக் கூடம்."

"திராட்சைக்கு மூச்சு முட்டாதாக்கா?"

யுவராணி வாசலில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் தேனி ஜில்லா முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு, தேனியில் ஒரு ஏலக்காய்க் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒச்சாண்டி அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், அவள் அமைதியாக இருக்கும்போதெல்லாம் அதைக் கெடுப்பவன்.

அவர்களை வரவழைத்தவள் பெனிட்டா. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். அழுது முடித்த முகம், அழ இன்னும் பாக்கி இருக்கிற கண்.

"நேத்து மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்குச் சாப்பிடப் போறேன்னு எந்திரிச்சு போனாரு மேடம். டிபன் பாக்ஸ் அப்படியே இருக்கு. செல்போன் லாக்கர்ல இருக்கு. வண்டி வாசல்ல நிக்குது. ஆளை மட்டும் காணோம்."

காணாமல் போனவன் சகாய பிரவீன், பெனிட்டாவுக்குச் சகாயம். அதே கூடத்தில் டெக்னீசியன். மாதா கோவிலில் இருவருக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கடுத்த வாரம் கல்யாணம்.

"போலீஸ் என்ன சொல்றாக?" என்றாள் யுவராணி.

"கல்யாணத்துக்குப் பயந்து ஓடியிருப்பான், ரெண்டு நாள்ல வந்துருவான்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாக."

"வண்டியை விட்டுட்டு ஓடுறவன் கம்பத்துல எவனும் கிடையாது," என்றான் ஒச்சாண்டி. "பொண்டாட்டியைக்கூட விட்டுருவான்."

பெனிட்டா அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு முதல் முறையாக வாயை மூடத் தோன்றியது. ஆனால் மூடினால் அந்தக் கட்டடத்தின் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டது. உடனே திறந்துகொண்டான்.

உறுமல் உள்கூடத்திலிருந்து வந்தது. அங்கே பதினொன்றிலிருந்து இருபது வரை எண் போட்ட பத்துக் கண்ணாடிப் பெட்டிகள், கட்டில் அகலத்தில், மெத்தைக்கடையில் மெத்தை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கணக்கில் ஒயர்கள். கூடத்தின் பொறுப்பாளர் சுரேஷ்கண்ணன், ஒரு வாரமாகத் தூங்காத மனிதர், விளக்கினார்.

"வெளிநாட்டுல பூமிக்கு அடியில வளையம் போட்டு, அணுத் துகள்களை எதிரும் புதிருமா ஓடவிட்டு மோத வைக்கிறாங்க. மோதிச் சிதறுறதைப் பார்க்கக் கண்ணு வேணுமில்லையா? அந்தக் கண்ணு இது. ரெண்டு கண்ணாடி, நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் சந்து, சந்துக்குள்ள வாயு, மேல பத்தாயிரம் வோல்ட். ஒரு துகள் குறுக்க போச்சுன்னா அந்த இடத்துல சின்னதா ஒரு மின்பொறி. அதை இந்தச் செம்புப் பட்டைகள் பிடிச்சிரும். எந்த இடம், எந்த நேரம், எல்லாம் சொல்லும். ஒரு வினாடியை நூறு கோடியாப் பிரிச்சு அதுல ஒண்ணு வரைக்கும் சுத்தமாச் சொல்லும்."

"இங்கன மோத விடுவீகளா?" ஒச்சாண்டி ஒரு அடி பின்வாங்கினான்.

"இங்க வானத்துல இருந்து மியூவான்னு துகள் தானா மழை மாதிரி விழுது. இப்பக்கூட உங்க தலை வழியா நுழைஞ்சு கால் வழியா போய்க்கிட்டிருக்கு. அதை வச்சுத்தான் சோதிக்கிறோம். நூறு போனா தொண்ணூத்தஞ்சுக்குக் குறையாமப் பிடிச்சாத்தான் பெட்டி பாஸ்."

ஒச்சாண்டி தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு, யாரும் பார்க்காதபோது, காலையும் பார்த்துக்கொண்டான்.

"அந்த வாயு வெடிக்குமா சார்?"

"வெடிக்காது. பிரிட்ஜுல ஓடுற வாயு மாதிரிதான். ஆனா காத்தைவிடக் கனம். மூடின ரூம்ல விட்டா தண்ணி மாதிரி கீழ இருந்து நிறையும், மூச்சு முட்டிரும். அதனால கூரைக்கு மேல பைப் போட்டு வெளியேத்துறோம்." சுரேஷ்கண்ணன் கடிகாரம் பார்த்தார். "மணி ரெண்டு. நாலு மணிக்கு லாரி. பத்துப் பெட்டியும் கப்பலுக்குப் போகணும். பிரவீன் விஷயம் எனக்கும் வருத்தம்தான் மேடம், ஆனா மிஷினை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

அப்போது பெனிட்டாவின் அப்பா பிலவேந்திரன் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். இந்தக் கட்டடம் திராட்சைக் கிடங்காக இருந்த காலத்திலேயே இங்கே கம்ப்ரசர் ஓட்டியவர். இப்போது மூத்த டெக்னீசியன். பெட்டிகளோடு வெளிநாடு போய் அவற்றைப் பொருத்திக் கொடுக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"பிள்ளை எங்கன இருந்தாலும் நல்லா இருக்கணும்மா," என்றார். "மருமகன்னு சொல்லல. மகன் மாதிரி."

ஒச்சாண்டிக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்த ஒரே ஆள் அவர்தான். டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்.

யுவராணி பெனிட்டாவின் திரையைப் பார்த்தாள். ஒரு பெட்டியின் படம் அதில் இருந்தது. முழுவதும் பச்சை, அங்கங்கே கறுப்புப் புள்ளிகள்.

"இந்தப் புள்ளி என்ன?"

"ரெண்டு கண்ணாடியும் ஒட்டிக்காம இருக்க நடுவுல பொத்தான் வச்சு ஒட்டுவோம் மேடம். பொத்தான் இருக்கிற இடத்துல பெட்டிக்குக் கண்ணு தெரியாது. ஒட்டுறது எல்லாம் நாத்து நடுற அக்காக்கள். அளவு அட்டை கொடுத்தாலும் கை பழக்கத்துல ரெண்டு நாத்துக்கு நடுச் சந்துல அடுத்த நாத்தை வைக்கிற மாதிரி தள்ளித் தள்ளி வச்சிருவாக. சார் திட்டுவாரு. ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு கோணல்."

"அப்ப ஒரு பெட்டி மாதிரி இன்னொண்ணு இருக்காது."

"எப்படி இருக்கும்? ரெண்டு பேர் நட்ட வயல் ஒண்ணாவா இருக்கும்?"

யுவராணி தலையாட்டினாள். பிறகு, மீட்டர் பார்க்கிறவர்கள் மட்டும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"மிஷின் வேண்டாம்னு தூக்கிப் போடுறது எல்லாம் எங்க போகுது?"

"இரைச்சல்னு ஒரு கோப்புல போகும் மேடம். டியூப் லைட்டு போட்டாக்கூட இதுக்குத் துகள் மாதிரித் தெரியும். அதெல்லாம் ஒதுக்கிருவோம். யாரும் திறந்து பார்க்க மாட்டாக."

"திற."

கோப்பு திறந்தது. நேற்று மத்தியானம் வரை அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு மணிக்குப் பிறகு வரிசை வரிசையாக, கொத்துக் கொத்தாக, இரவெல்லாம், இன்று காலையெல்லாம்.

"அது மோட்டார் இரைச்சல்," என்றார் சுரேஷ்கண்ணன். "பக்கத்துத் தோட்டத்துல த்ரீ ஃபேஸ் மோட்டார் போட்டா வரும். ஷிப்ட் குறிப்புலயே பதிஞ்சிருக்கு, பாருங்க."

பதிந்துதான் இருந்தது. ஆனால் யார் பதிந்தது என்று இல்லை. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

யுவராணி எழுந்து வெளியே நடந்தாள். ஒச்சாண்டி பின்னால் ஓடினான். இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகும் எந்த யோசனையும் அவனுக்கு நல்ல யோசனையே.

காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே சின்னச்சாமி என்கிற விவசாயி மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து மத்தியானம் மோட்டார் போட்டீகளா?"

"மத்தியானம் எங்கிட்டுத் தாயி போடுறது? இந்த வாரம் எங்க லைனுக்கு விடியக்காலை ஷிப்ட்டு. ஒம்பது மணிக்கெல்லாம் த்ரீ ஃபேஸ் போயிருது. பாத்தீகளா, சுவிட்சு மேல ஓணான் உக்காந்திருக்கு."

ஓணான் உட்கார்ந்துதான் இருந்தது. த்ரீ ஃபேஸ் போனதில் அதற்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

சின்னச்சாமி குரலைத் தாழ்த்தினார். "அங்கன ஒரு பயலைக் காணோமாமே? அந்த மிஷினு ஆளை உறிஞ்சிருச்சுன்னு ஊர்ல சொல்றாக. நான் நம்பல. ஆனா ராத்திரி இந்தப் பக்கம் தண்ணி பாய்ச்ச வர மாட்டேன்."

திரும்பி நடக்கும்போது ஒச்சாண்டி கேட்டான், "நீங்க நம்புறீகளாக்கா?"

"நம்பல."

"நானும் நம்பலக்கா. அதனால நான் வெளியவே நின்னு நம்பாம இருக்கேனே?"

"வா."

மோட்டார் இல்லை. டியூப் லைட் இல்லை. எனில் இருபத்தைந்து மணி நேரமாக அந்த மிஷினுக்கு அருகில் மின்பொறி தட்டிக்கொண்டிருப்பது எது? யுவராணி கோப்பை அச்செடுக்கச் சொல்லி, தாளை ஒச்சாண்டியிடம் கொடுத்தாள்.

"வாசி."

"என்னத்த வாசிக்க? எல்லாம் புள்ளி."

"எத்தனை எத்தனையா வருதுன்னு வாசி."

ஒச்சாண்டி வாசித்தான். பிரவீனின் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துப் பேனாவால் தட்டிக் காட்டினான். டிங், டிங், டிங். நிற்கிறது. டிங், டிங், டிங். நிற்கிறது. டிங், டிங், டிங். கொஞ்சம் அதிகமாக நிற்கிறது. பிறகு வரிசையாக ஒன்பது.

"மறுபடியும் அதேதான்க்கா. மூணு, மூணு, மூணு, ஒம்பது. இதுவும் அதேதான். இதுவும்…"

பின்னால் நாற்காலி சாய்ந்து விழுந்தது. பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் சிலுவை போட்ட கை மார்புக்கு வருவதற்குள் நின்றுவிட்டிருந்தது.

"இது மணி," என்றாள். "எங்க கோவில் மணி. திரிகால செப மணி. காலையில, மத்தியானம், சாயங்காலம் இப்படித்தான் அடிப்பாக. சகாயம்தான் அடிக்கும். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துல இருந்து அதுதான் அடிக்கும்."

மிஷின் 'ம்ம்ம்' என்றது.

"அடுப்பு லைட்டர்," என்றாள் பெனிட்டா, அழத் தொடங்கிக்கொண்டே. "அது எப்பவும் பாக்கெட்டுல வச்சிருக்கும் மேடம். பட்டைக்கு உயிர் இருக்கான்னு பார்க்கப் பக்கத்துல ஒரு டக். அந்தப் பொறியை மிஷின் பிடிச்சிரும். எங்கயோ அடைஞ்சு கிடக்கு. கத்துனாக் கேக்காதுன்னு இப்படிக் கூப்பிடுது. நாங்க… நாங்க இரைச்சல்னு ஒதுக்கிக்கிட்டே இருந்திருக்கோம்."

"கடைசியா எப்ப?" என்றாள் யுவராணி.

ஒச்சாண்டி தாளின் அடியைப் பார்த்தான். முதலில் கால் மணிக்கொரு முறை வந்தது, போகப்போக ஒரு மணிக்கொரு முறை ஆகியிருந்தது. கடைசி வரி இன்று ஒன்றே முக்காலுக்கு. மூன்று தட்டு. அவ்வளவுதான். பிறகு தாள் வெள்ளையாக இருந்தது.

அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். இப்போது மணி இரண்டு நாற்பது.

"எந்தப் பட்டையில சத்தம் அதிகம்?"

பெனிட்டாவின் விரல் ஓடியது. "அடிப் பெட்டி. மேற்கு ஓரம்."

"மேற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கு?"

"பழைய குளிர் அறை," என்றார் சுரேஷ்கண்ணன். அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "அரையடிக்குத் தெர்மாகோல் வச்ச சுவர். உள்ள வெடி வச்சாலும் வெளிய கேக்காது. ஆனா பூட்டிக் கிடக்கே! ரெண்டு வருஷமாச் சாவி இல்ல. பூட்டு துருவேறிப் போச்சு, அதனால யாரும் அங்க தேடவே இல்லை. பிலவேந்திரன் அண்ணனுக்குத்தான் அந்தப் பக்கம் பழக்கம்."

"ஒச்சு, அண்ணனைக் கூட்டிக்கிட்டு ஓடு. பூட்டை உடைக்கச் சொல்லு. நான் நூத்தெட்டுக்குப் போன் போட்டுட்டு வர்றேன். பெனிட்டா, பிரவீனோட மேசை டிராயர் எது?"

ஒச்சாண்டி ஓடினான். பிலவேந்திரன் பேக்கிங் பகுதியில் பெட்டிகளுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மேற்கு நடைவழியில் விளக்கில்லை. பிலவேந்திரன் டார்ச் அடித்தார். ஒச்சாண்டி பின்னால், வாய் ஓயாமல், வந்தான்.

"…எங்க சித்தப்பா ஒருத்தரு இப்படித்தான்ணே, கிணத்துக்குள்ள விழுந்துட்டு மூணு நாள் உள்ள இருந்து பீடி கேட்டுக்கிட்டு இருந்தாரு. மனுச உயிரு லேசுல போகாதுண்ணே. நம்ம பிரவீனும் பாருங்க, என்ன மூளை! மூணு, மூணு, மூணு, ஒம்பதுன்னு அடிச்சிருக்கான் பாருங்க…"

கையில் தாள் இன்னும் இருந்தது. பேசிக்கொண்டே டார்ச் வெளிச்சத்தில் அதன் முதல் வரிகளைப் பார்த்தான்.

நேற்று ஒரு மணி நாலு நிமிடம்: மூன்று தட்டு, மூன்று தட்டு. அத்தோடு நின்றிருக்கிறது.

ஒன்று ஆறு: ஷிப்ட் குறிப்பில் யாரோ போட்ட ஒரு கட்டளை. '3, 3, 3, 9 என்று வருவது மோட்டார் இரைச்சல். ஒதுக்கவும்.'

ஒன்று இருபத்தொன்று: மூன்று, மூன்று, மூன்று, ஒன்பது. முதல் முறையாக முழுசாக.

ஒச்சாண்டி இரண்டாவது தடவை படித்தான். ஒன்று ஆறுக்கு மிஷின் கேட்டிருந்தது வெறும் ஆறு தட்டு. மூன்றாவது மூன்று வரவில்லை. ஒன்பது வரவே இல்லை. அது வரும் என்று பதினைந்து நிமிடம் முன்னாலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு தட்டிலேயே அது எந்த மணி என்று தெரிகிற ஒருவர். இந்தக் கட்டடத்தில் அந்த மணி தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் உள்ளே கிடக்கிறான். ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள்.

ஒச்சாண்டி பேச்சை நிறுத்தினான்.

அவன் பிறந்ததிலிருந்து, தூக்கம் நீங்கலாக, அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை. நடைவழியே திடீரென்று காலியானதுபோல் இருந்தது.

முன்னால் போன செருப்புச் சத்தமும் நின்றது.

"என்ன தம்பி," என்றார் பிலவேந்திரன் திரும்பாமல். "பேச்சைக் காணோம்?"

"தொ… தொண்டை கட்டிக்கிச்சுண்ணே."

"இப்பத்தான் நல்லாப் பேசுனீக."

"அதனாலதாண்ணே கட்டிக்கிச்சு."

டார்ச் மெல்லத் திரும்பி அவன் முகத்துக்கு வந்தது. அங்கிருந்து கையில் இருந்த தாளுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. வெகு நேரம் நின்றது. ஒச்சாண்டியின் கால்கள் ஓடச் சொல்லி அவனைக் கெஞ்சின. ஆனால் அவைதான் ஓட வேண்டியவை என்பது அவற்றுக்கு மறந்துவிட்டது.

"வாங்க," என்றார் பிலவேந்திரன். "வந்தாச்சு."

கதவு மெத்தைக் கனத்தில் இருந்தது. அதில் ஒரு பூட்டு, மேலெல்லாம் துரு. சாவித் துளை மட்டும் எண்ணெய் குடித்துப் பளபளத்தது. கதவோரம், தரையை ஒட்டி, சுவரில் புதிதாகத் துளையிட்டு ஒரு நீலப் பிளாஸ்டிக் பைப் உள்ளே போயிருந்தது. கூரைக்குப் போக வேண்டிய பைப் அது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சீறல்.

பிலவேந்திரன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"சா… சாவி தொலைஞ்சு போச்சுன்னாகளே."

"தேடுனேன். கிடைச்சுச்சு."

கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. ஆழத்தில், உயரத்தில் எங்கோ, மரப்பெட்டி முனகியது. பிறகு மனிதக் குரல். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, குரலின் தோல்.

"மாமா…"

"உள்ள போங்க தம்பி," என்றார் பிலவேந்திரன். மெல்லிய குரல், டீ கொடுத்தபோது இருந்த அதே குரல். "நான் வெளிச்சம் காட்டுறேன்."

அவருடைய இடதுகை ஒச்சாண்டியின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் வேறு உதவியாளனாக இருந்தால் திரும்பி ஒரு குத்து விட்டிருப்பான். ஒச்சாண்டி செய்தது வேறு. ஒரு காலை எடுத்து வாசலுக்குள் வைத்தான். இன்னொரு காலும் உள்ளே போனது. அப்போது அவன் வாழ்நாளின் மொத்தப் பயமும் ஒரே தவணையில் தலைக்கு ஏறியது. மல்லாக்க விழுந்தான். தலை நடைவழியில், கால் குளிர் அறைக்குள், இடுப்பு வாசல்படியின்மேல்.

முழு மயக்கம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முக்கால் மயக்கம்தான் வந்தது. காது மட்டும் விழித்திருந்தது.

கதவு வந்து அவன் இடுப்பில் மோதியதை உணர்ந்தான். பின்வாங்கி மறுபடி மோதியது. இரண்டு கைகள் அவன் அக்குளைப் பிடித்து இழுத்தன. பிறகு தோளைப் பிடித்து உள்ளே தள்ளின. கடைசியாக ஒச்சாண்டியை எடை போட்டது கம்பம் சந்தையில் ஒரு வாழைத்தார் வியாபாரி, பந்தயத்துக்காகப் போட்டார், தராசுக்கு இன்றும் கழுத்து வலி. பிலவேந்திரனால் அவனை ஒரு விரற்கடைகூட நகர்த்த முடியவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. "சேசுவே, சேசுவே" என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. அவரும் பயந்து போயிருக்கிறார் என்பது ஒச்சாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. பயந்த மனுஷன் கையில்தான் அவன் இடுப்பு இருந்தது.

"அண்ணே." யுவராணியின் குரல். "கதவை விடுங்க."

கைகள் விட்டன.

அதன்பின் எல்லாம் காலடிச் சத்தம். யுவராணி பைப்பைப் பிடுங்கி வெளியே எறிந்த சத்தம். சுரேஷ்கண்ணன் ஓடிப்போய் வாயுவை அடைத்துவிட்டு ஓடிவந்த சத்தம். மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். பழைய திராட்சைப் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி, அதன் உச்சியில், தலை கூரையில் இடிக்க, கையில் லைட்டரோடு குந்தியிருந்தவனைக் கீழே இறக்கினார்கள். வாயு தண்ணீர் மாதிரி ஏறும் என்று அவனுக்குத் தெரியும். அது ஏற ஏற அவனும் ஏறியிருந்தான். இன்னும் ஏற இடமில்லை.

"சகாயம்! ஏய், சகாயம், கண்ணைத் திற!" என்று பெனிட்டா கத்தினாள்.

நெடுநேரம் இருமல். பிறகு பிரவீனின் குரல். "முதல்ல அடிக்கும்போது லைட்டர் கீழ விழுந்திருச்சு பெனி… இருட்டுல தேடி எடுத்துத்தான்…"

"பேசாத. பேசாத."

"யாரு தம்பி பூட்டுனது?" என்றாள் யுவராணி.

ஒச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பிரவீன் யாரைப் பார்க்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"யாரும் இல்ல மேடம். கதவு தானாச் சாத்திக்கிச்சு."

"தானாச் சாத்துன கதவு வெளிப்பக்கம் பூட்டும் போட்டுக்கிச்சா?" தாள்கள் சரசரத்தன. "உங்க டிராயர்ல இருந்துச்சு. பதினாலாம் பெட்டிப் படம், பதினேழாம் பெட்டிப் படம். புள்ளிக்குப் புள்ளி ஒண்ணு. ஒரே வயலுக்கு ரெண்டு பட்டா. பதினேழுக்கு என்னாச்சு அண்ணே?"

பிலவேந்திரனின் மெல்லிய குரல் கேட்டது.

"தூக்கி வைக்கும்போது என் கை தவறிருச்சும்மா. மூலையில விரிசல். நூத்துக்கு அறுபதுதான் பிடிச்சுச்சு. பதினாலோட படத்தை எடுத்து ஒட்டிட்டேன். இவன் கண்டுபிடிச்சான். 'மாமா, நீங்களே சார்கிட்டச் சொல்லிருங்க'ன்னான். எப்படிச் சொல்ல? பஸ் ஸ்டாப்புல ஃப்ளெக்ஸ் வச்சிருக்காக. 'வெளிநாடு செல்லும் எங்கள் பங்குக் கோவிலின் விஞ்ஞானியே'ன்னு. கம்ப்ரசர் ஓட்டுனவன்மா நான். சாமியாரு பூசையில என் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணாரு. விசாவும் வந்திருச்சு."

"அதுக்கு?"

"லாரி போற வரைக்கும் உள்ள இருக்கட்டும்னுதான் பூட்டுனேன். நானும் ஏறிப் போயிட்டு, வழியில இருந்து போன் போட்டு இடம் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் பசி கிடந்தாப் போதும்னு. பெனி, அப்பா கொல்லணும்னு நினைக்கல ஆத்தா. சேசு மேல சத்தியம்."

அவர் அழுதார். அது உண்மையான அழுகை. ஒச்சாண்டிக்கே மனுஷன் பயத்தில் என்னென்னவோ செய்வான், பாவம், என்று தோன்றக்கூடத் தொடங்கியது.

தரையில் கிடந்த அந்த வாயுப் பைப்பை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெனிட்டாவின் குரல். சின்னப் பெண் ஒருத்தி அப்பாவிடம் தெரியாத பாடம் கேட்பதுபோல் இருந்தது.

"அப்ப இது எதுக்குப்பா?"

ஒச்சாண்டி பதிலுக்காகக் காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை. பதில் வராத அந்த நேரத்தில் பெனிட்டாவின் முகம் எப்படி இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் தெரிந்திருக்கும். அதற்கு மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.